குரல்வளையும் குழலும்

மூச்சுக்காற்று நுரையீரலுக்குச் செல்லும் வழியும் உணவு இரைப்பைக்குச் செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அந்தக் குறுக்கீட்டுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் முன்பக்கமாக, மூச்சுவழியின் வாயிலில் அமைந்த உறுப்பு குரல்வளை. ஆண்களின் கழுத்தில் புடைத்துத் தெரிவதும் ஊர்ப்பேச்சில் சங்கு எனப்படுவதும் அதன் முகப்புதான். பேச்சும் பாட்டும் அங்கே பிறந்தாலும், உயிரினங்களின் பரிணாமத்தில் குரல்வளை முதலில் ஏற்ற பணி நீரும் உணவும் நுரையீரலுக்குள் இறங்கிவிடாமல் காப்பதாகும். இந்தக் காவலைக் கடந்து, மயக்கத்தில் இருக்கும் ஒருவரின் வாய்வழியே நெகிழிக் குழல் ஒன்றைக் குரல் நாண்களுக்கு இடையே மூச்சுக்குழாய்க்குள் செலுத்துவதை மருத்துவர்கள் இன்ட்யூபேஷன் என்கின்றனர். நோயாளியின் உறவினர்கள் 'டியூப் போட்டிருக்கிறார்கள்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதைத்தான். பெரும்பாலானோரில் இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. முடியாமற்போகும் வேளைகளில் மருத்துவரின் கைப்பழக்கத்தைக் குறைகூறுவது எளிது. ஆயினும் அந்த ஒருவரின் குரல்வளையும் அதைச் சூழ்ந்த உறுப்புகளும் பாடநூல் படத்தைப்போல் அமைந்திருக்கவில்லை என்பதே பல நேரங்களில் உண்மையான காரணமாக இருக்கிறது.

குரல்வளையின் சட்டகம் ஒன்பது குருத்தெலும்புகளால் ஆனது. மூன்று தனித்தவை, ஆறு இரண்டிரண்டாக அமைந்தவை. அவற்றுள் பெரியது தைராய்டு குருத்தெலும்பு. அதன் இரு தகடுகளும் முன்புறத்தில் ஆண்களுக்கு ஏறத்தாழ 90 பாகைக் கோணத்திலும் பெண்களுக்கு 120 பாகைக் கோணத்திலும் கூடுவதால், ஆண்களின் சங்கு புடைத்தும் பெண்களின் சங்கு தட்டையாகவும் தெரிகிறது. அதன் கீழே இருப்பது கிரிகாய்டு குருத்தெலும்பு; மூச்சுவழி முழுவதிலும் முற்றிலும் மூடிய வளையமாக அமைந்தது இது ஒன்றே. இவ்விரண்டுக்கும் இடையே முன்புறத்தில், சராசரியாக ஒரு சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பின்புறத்தில் கிரிகாய்டின் மேல் அமர்ந்து சுழலும் அரிட்டினாய்டு என்னும் இரு சிறு குருத்தெலும்புகள் குரல் நாண்களைத் திறந்து மூடுகின்றன. இவற்றுக்கு மேலே, காம்பு தைராய்டு குருத்தெலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்க, அகன்ற தலைப்பு நாக்கின் அடியை நோக்கி நிமிர்ந்திருக்குமாறு, நிறுத்திவைத்த வெற்றிலையைப்போல் நிற்பது குரல்வளை மூடி. குரல் நாண்களின் நீளம் ஆண்களில் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் வரையும் பெண்களில் 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர் வரையும் வேறுபடுகிறது. ஒரே பாலினத்துக்குள்ளேயே இத்தனை ஏற்றத்தாழ்வு இருப்பதைக் கவனித்தால், 'சராசரிக் குரல்வளை' என்ற ஒன்று அறுவை அரங்கில் எதிர்ப்படுவது அரிது என்பது விளங்கும்.

வாய்வழியே குழலைச் செலுத்தி மயக்கமருந்து கொடுக்கும் முறையை 1878ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் வில்லியம் மெக்யூவன் செய்துகாட்டினார். நாக்கின் அடியில் கட்டி கண்ட ஒருவருக்கு, கழுத்தைத் திறக்காமல், நோயாளி விழித்திருக்கும்போதே விரலால் தடவி வழியறிந்து குழலை இறக்கினார். 1942இல் மான்ட்ரியாலில் கியூராரே என்னும் தசைத்தளர்ச்சி மருந்து அறுவைக்குப் பயன்படத் தொடங்கிய பின், நோயாளி தானாக மூச்சுவிடும் ஆற்றலை மருத்துவரே சிறிது நேரம் நிறுத்திவைக்கும் நிலை உருவானது. எனவே காற்றுக்கு உறுதியான வழி கட்டாயமாயிற்று. மறு ஆண்டில் ராபர்ட் மெக்கின்டாஷ் வடிவமைத்த வளைந்த அலகுடைய லாரிங்கோஸ்கோப் என்னும் குரல்வளைநோக்கி இன்றும் வழக்கில் உள்ளது. அதன் நுனி, நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் சென்று அமர்கிறது. அலகை மேல்நோக்கி உயர்த்தும்போது மூடி தானே விலகி, முக்கோண வடிவில் குரல் நாண்கள் கண்ணில் படுகின்றன. இந்தக் காட்சி கிடைப்பதற்கு வாய் போதிய அளவு திறக்க வேண்டும். நாக்கு ஒதுங்குவதற்குத் தாடைக்குள் இடம் வேண்டும். கழுத்து பின்னோக்கி வளைய வேண்டும். குரல்வளை மிக முன்னோக்கி இருக்கக்கூடாது. நான்கில் ஒன்று பிசகினாலும் மருத்துவர் காண்பது குரல் நாண்களை அல்ல, குரல்வளை மூடியின் விளிம்பை மட்டுமே. சிலரில் அதுவும் தெரிவதில்லை.

பிசகு எத்தனை வகைகளில் வரக்கூடும் என்பதை உடற்கூற்றியலாளர்கள் நெடுங்காலமாகப் பதிவுசெய்து வந்திருக்கின்றனர். தைராய்டு குருத்தெலும்பின் மேற்கொம்புகளில் ஒன்று சிலருக்கு இல்லாமலே போகிறது. இரண்டும் இருந்தாலும் ஒன்று நீண்டும் மற்றது குட்டையாகவும் இருப்பது உண்டு. அதன் தகட்டில் ஒரு துளை சிலரில் காணப்படுகிறது. வயது ஏற ஏறக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து எலும்பாகிறது; அவ்வாறு இறுகிய குரல்வளை, இளைஞரின் குரல்வளையைப்போல் விரல் அழுத்தத்துக்கு நகர்ந்துகொடுப்பதில்லை. இவையெல்லாம் குழலின் பாதையைப் பெரிதும் மறிப்பவை அல்ல. உண்மையான இடையூறு கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பதுங்கியிருக்கிறது. நாக்கின் அடிப்பகுதியில் இருக்கும் நிணத்திசு சிலரில் பெருத்து, லாரிங்கோஸ்கோப்பின் நுனி அமரவேண்டிய பள்ளத்தையே அடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து வாயைப் பார்க்கும் எவருக்கும் இது புலப்படாது. அதே பள்ளத்தில் வளரும் நீர்க்கட்டியும் அவ்வாறே. பிறவியிலேயே குரல் நாண்களின் முன்பகுதி சவ்வால் ஒட்டியிருப்போருக்குக் குரல் கரகரப்பாக இருக்கலாம். அதை வெறும் தொண்டைக்கட்டு என்று குடும்பத்தினர் கருதிவிடுவதும் உண்டு. குழல் குரல் நாண்களைக் கடந்த பின்னரும் வேறுபாடுகள் விடுவதில்லை. மிகச் சிலரில் வலது நுரையீரலின் மேற்பகுதிக்குச் செல்லும் கிளை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்பாகவே புறப்பட்டுவிடுகிறது; காற்று கசியாமலிருக்கக் குழலைச் சுற்றி ஊதப்படும் வளையம் அந்தக் கிளையின் வாயை மூடிவிட்டால், நுரையீரலின் ஒரு பகுதி காற்றின்றி ஒடுங்கும்.

குழந்தைகளின் குரல்வளையைப் பற்றிய கதை, அளவுகள் எவ்வாறு நம்பிக்கைகளாக உறைந்துவிடுகின்றன என்பதற்கு நல்ல சான்று. பச்சிளங்குழந்தையின் குரல்வளை பெரியவர்களுடையதைவிட உயரத்தில் அமைந்தது, நாக்கு பெரிது, குரல்வளை மூடி நீண்டு வளைந்து மடங்கியிருக்கும். இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் குழந்தையின் குரல்வளை புனல் வடிவினது, அதன் மிகக் குறுகிய இடம் கிரிகாய்டு வளையம் என்ற கருத்து 1897இல் பிரான்ஸில் பாயே என்பவர் இறந்த குழந்தைகளின் குரல்வளையில் எடுத்த வார்ப்புகளிலிருந்து பிறந்தது. 1951இல் எக்கன்ஹாஃப் என்பவர் அதைத் தம் கட்டுரையில் எடுத்தாண்ட பின், அரை நூற்றாண்டுக் காலம் உலகின் மயக்கவியல் பாடநூல்கள் அதையே திரும்பச் சொல்லின. சிறு குழந்தைகளுக்கு ஊதும் வளையம் இல்லாத குழலே பொருத்தம் என்ற விதியும் அதிலிருந்துதான் வந்தது. உயிருள்ள குழந்தைகளை எம்.ஆர்.ஐ. கருவியில் அளந்து லிட்மன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பக்கவாட்டில் மிகக் குறுகிய இடம் குரல் நாண்களின் மட்டத்திலேயே இருப்பதைக் காட்டியது. கிரிகாய்டு வளையமும் முழு வட்டமாக அன்றி நீள்வட்டமாக இருப்பதை அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. வட்டமான குழல் நீள்வட்ட வளையத்தில் இறுக்கமாகப் பொருந்துவதுபோல் தோன்றும்போது, இரு பக்கச் சுவர்களை அழுத்திப் புண்ணாக்கிக்கொண்டும் முன்னும் பின்னும் இடைவெளி விட்டுக்கொண்டும் இருக்கக்கூடும். உயிரற்ற உடலின் வார்ப்பு ஒன்று இத்தனை ஆண்டுகள் மருத்துவர்களின் கையை நடத்தியிருக்கிறது.

அளவுகளின் பிறப்பிடத்தைக் கேட்கும் இந்தப் பழக்கம் தமிழ்நாட்டின் தென்கோடிக்கும் தேவையானது. பெரியவர்களின் குழலை முன்பற்களின் மட்டத்தில் ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் ஆழத்திலும் பெண்களுக்கு 21 சென்டிமீட்டர் ஆழத்திலும் நிறுத்தலாம் என்பது மேலைநாட்டுப் பாடநூல்களின் வழிகாட்டுதல்; உயரம் குறைந்த இந்தியர்கள் பலருக்கு அது மிகை என்றும், குழலின் நுனி வலது நுரையீரலுக்குச் செல்லும் கிளைக்குள் நழுவிவிடக்கூடும் என்றும் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் உடலமைப்பின் வேறுபாட்டோடு பழக்கவழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கமுகும் வெற்றிலைக் கொடியும் வளரும் இந்த மண்ணில் வெற்றிலை போடுவது விருந்துக்கும் ஓய்வுக்கும் உரிய வழக்கமாக இருந்தது. பலர் அதோடு புகையிலையையும் சேர்த்தனர். நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையின் அறுவை மருத்துவராக இருந்த ஐ. எம். ஆர் (I. M. Orr), 1933ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அன்று இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1ஆம் நாள்தான். உலகின் வாய்ப்புற்று ஆய்வுகளில் இன்றும் சுட்டப்படும் அந்தக் கட்டுரை ஒரு சிற்றூர் மருத்துவமனையின் நோயாளிகளைக் கொண்டு எழுதப்பட்டது என்பதை இம்மாவட்டத்தார் அதிகம் பேசுவதில்லை.

புகையிலை சேர்க்காவிட்டால் வெறும் பாக்கு தீங்கற்றது என்ற எண்ணம் ஊர்களில் இன்னும் இருக்கிறது, அது தவறு. பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. மூச்சுவழியைப் பொறுத்தவரை பாக்கின் வேறொரு விளைவு இதைவிட உடனடியானது. அதிலுள்ள அரிகோலின் முதலிய பொருள்கள் கன்னத்தின் உட்புறச் சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகின்றன. அவ்விடம் வெளிறி, விறைத்து, நாளடைவில் வாயே திறக்க முடியாத நிலைக்குக் கொண்டுசெல்கிறது. காரம் பட்டால் எரிச்சல், பின்னர் விரல்களை வாய்க்குள் நுழைக்க இயலாமை என்று படிப்படியாக வளரும் இந்த நோய் ஓரளவுக்கு மேல் முற்றினால் பழக்கத்தை விட்டாலும் பழைய நிலை திரும்புவதில்லை. நலமுள்ள ஒருவர் தம் மூன்று விரல்களை நிறுத்திவைக்குமளவு வாயைத் திறப்பார். இரண்டு விரல் நுழையாத வாயில் லாரிங்கோஸ்கோப்பின் அலகை நுழைப்பதே போராட்டம். மயக்கமருந்து கொடுத்தால் தசைகள் தளரும், ஆனால் நார்த்திசு தளராது. இதை மறந்தால் மருத்துவர் தாமே வழியை அடைத்துக்கொண்டவர் ஆவார். இத்தகைய நோயாளியை மயக்காமல், தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்து, மூக்குவழியே வளையும் ஒளியிழைக் கருவியைச் செலுத்தி, அதன்மேல் குழலை வழுக்கி இறக்குவது பாதுகாப்பான வழிகளுள் ஒன்று. பித்தநாளத்தைப் பார்ப்பதற்கென்று உருவான அத்தகைய கருவியை 1967இல் இங்கிலாந்தின் பீட்டர் மர்ஃபி, தாடை இறுகிய மூட்டுநோயாளி ஒருவருக்குக் குழல் போடப் பயன்படுத்தியதிலிருந்து இந்த முறை வளர்ந்தது.

குழல் போடுவது கடினமாவதற்குக் கழுத்துக் கழலை இன்னொரு காரணம். தைராய்டு சுரப்பி பெருத்து மூச்சுக்குழாயை ஒருபக்கம் தள்ளியிருக்கலாம், அல்லது நெடுநாள் அழுத்தத்தால் அதன் வளையங்கள் மெலிந்திருக்கலாம். தென் திருவிதாங்கூரில் பஞ்சம் போக்கும் உணவாகப் பரவிய மரச்சீனிக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. அது உடலில் தயோசயனேட்டாக மாறி, அயோடினைச் சுரப்பி ஏற்பதைத் தடுக்கிறது. அயோடின் குறைந்த உணவோடு அது சேரும்போதுதான் கழலைக்கு வழி பிறக்கிறது. வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, கடல்மீன் கறியோடு கிழங்கை உண்ணும் குமரி வழக்கம் இரண்டு வகையிலும் நல்லது. அதை வகுத்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர்.

குரல்வளையில் சில மில்லிமீட்டர் எத்தனை பெரியது என்பதற்கு நெய்யூர் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. அங்கு நெடுங்காலம் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஹோவர்ட் சாமர்வெல், 1924 ஜூன் 4ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சக மலையேறி நார்ட்டனோடு ஏறினார். தொண்டைவலியும் இடைவிடாத இருமலும் அவரை ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் நிறுத்திவிட்டன. இறங்கும் வழியில், கடுங்குளிரில் உறைந்து இறந்துபோயிருந்த குரல்வளையின் உட்சவ்வு உரிந்து மூச்சுவழியை அடைத்துக்கொண்டது. முன்னே சென்றுகொண்டிருந்த நார்ட்டனுக்கு அது தெரியவில்லை. கூவி அழைக்கக் குரலும் இல்லை. பனியில் அமர்ந்து முடிவை எதிர்பார்த்த சாமர்வெல், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் தம் மார்பை ஓங்கி அழுத்த, அடைப்பு குருதியோடு வெளியே வந்தது. நான்கு நாள்களுக்குப் பின் அதே மலையில் மறைந்த மலையேறிகள் மல்லரியும் இர்வினும் உலகப் புகழ்பெற்றனர். ஒரு சவ்வுத்துண்டால் சாகவிருந்த மனிதர் நெய்யூருக்குத் திரும்பிப் பல்லாயிரம் பேருக்கு மருத்துவம் செய்தார். குரல்வளையின் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும்: 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரியவரின் மூச்சுவழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்றுவழியின் பரப்பில் 44 விழுக்காடு போகிறது, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழந்தையின் வழியில் அதே வீக்கம் 75 விழுக்காட்டைப் பறிக்கிறது. முரட்டுத்தனமாகத் திரும்பத் திரும்பக் குழல் செலுத்த முயல்வதால் உண்டாகும் வீக்கமும் இதே கணக்குக்கு உட்பட்டதுதான்.

இடர் தரும் குரல்வளையை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்விக்குப் புகழ்பெற்ற விடையைத் தந்தவர் ஆந்திரத்தின் குண்டூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, பாஸ்டன் நகரில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச்சொன்னால், உள்நாக்கும் அண்ணத்தின் தூண்களும் எவ்வளவு தெரிகின்றனவோ அதைப் பொறுத்து இடரின் அளவைக் கணிக்கலாம் என்று 210 நோயாளிகளை ஆராய்ந்து அவர் 1985இல் வெளியிட்டார். கருவியோ செலவோ இல்லாத இந்தச் சோதனை உலகெங்கும் பரவியது. மோவாய்க்கும் சங்குக்கும் உள்ள தொலைவு ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கிறதா என்று அளப்பதும் வழக்கம். உடல் சிறிய மக்களுக்கு வெறும் சென்டிமீட்டரைவிட உயரத்தோடு ஒப்பிட்ட விகிதமே பொருந்தும் என்று பின்னர் வந்தோர் திருத்தினர். ஆயினும் இச்சோதனைகளின் மீது வைத்த நம்பிக்கையை டென்மார்க்கின் பதிவேடு ஒன்று அசைத்துவிட்டது. அந்நாட்டில் 1,88,064 நோயாளிகளின் தரவை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரையின்படி, குழல் செலுத்தக் கடினமாக இருந்த 3,391 பேரில் 93 விழுக்காட்டினருக்கு அந்த இடர் முன்கூட்டி எதிர்பார்க்கப்படவில்லை. வாயின் முன்பக்கத்தைப் பார்க்கும் சோதனை, நாக்கின் பின்னே பெருத்த நிணத்திசுவைக் காணாதது வியப்பன்று. சோதனைகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. சோதனையில் தேறிய நோயாளியிடமும் இடரை எதிர்பார்த்து ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதே பொருள்.

அந்த ஆயத்தத்தின் முதற்பகுதி காலத்தைச் சேமிப்பது. சாதாரணக் காற்றை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவரின் மூச்சு நின்றால் ஓரிரு நிமிடங்களில் குருதியின் ஆக்சிஜன் சரியத் தொடங்கும். முன்பே சில நிமிடங்கள் தூய ஆக்சிஜனை மூச்சில் நிறைத்திருந்தால் நலமான பெரியவருக்கு அது ஏறத்தாழ எட்டு நிமிடம்வரை நீளும். உடற்பருமன் உள்ளோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கையிருப்பு வெகுவாகக் குறைவு. அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, முயற்சி நடக்கும்போதே மூக்குவழி ஆக்சிஜனைத் தொடரவேண்டும் என்றும், லாரிங்கோஸ்கோப் முயற்சிகளை மூன்றுக்கு மேல் நீட்டக்கூடாது என்றும் வரையறுத்தது. அம்முயற்சிகள் தோற்றால், 1980களில் ஆர்ச்சி பிரெய்ன் உருவாக்கியதும் குரல்வளையின் மேல் அமர்ந்து காற்றைச் செலுத்துவதுமான எல்.எம்.ஏ. போன்ற கருவிக்கு மாறவேண்டும்; அதுவும் தோற்று முகமூடியாலும் காற்றுச் செல்லாவிட்டால், தயங்காமல் தைராய்டு, கிரிகாய்டு குருத்தெலும்புகளுக்கு இடைப்பட்ட சவ்வைத் திறந்து கழுத்தின் வழியே காற்றைக் கொடுக்கவேண்டும். அங்கும் உடற்கூற்றின் வேறுபாடு காத்திருக்கிறது: அந்தச் சவ்வின் மேற்பகுதியில் சிறு நாடி ஒன்று குறுக்கே ஓடுவதால் கீழ்ப்பகுதியில் திறப்பதே நல்லது, பெண்களிலும் பருத்த கழுத்திலும் சவ்வு இருக்கும் இடத்தை விரலால் தவறாகக் கணிப்பது அடிக்கடி நிகழ்வதால், மயக்கம் தருவதற்கு முன்பே அல்ட்ராசவுண்டால் பார்த்து மையால் குறித்துவைப்போரும் உள்ளனர். குழல் உள்ளே போய்விட்டது என்பதற்கு, வெளிவரும் மூச்சில் கரியமில வாயு தொடர்ந்து தெரிவதே ஐயமற்ற சான்று. மார்பு உயர்வதும் காதில் கேட்கும் ஒலியும் ஏமாற்றக்கூடியவை. உணவுக்குழாய்க்குள் தவறிப்போன குழலை உடனே கண்டறிய, அந்த வாயுவை அளக்கும் கருவியைவிட நம்பகமான வழி இல்லை. ஆகவே அது இல்லாத அறுவை அரங்கில் முழு மயக்கம் கொடுப்பது தவிர்க்கவேண்டிய துணிச்சல்.

இவற்றுள் பாதி வேலை நோயாளியின் வீட்டிலேயே தொடங்கக்கூடியது. அறுவைக்கு முன் மயக்கமருந்து மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்க்கும்போது, வெற்றிலை பாக்குப் பழக்கத்தையும் உரத்த குறட்டையையும் குரல் மாறியிருப்பதையும் கழலையையும் ஆடும் பற்களையும் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். முன்பு ஒருமுறை குழல் போடுவது கடினமாக இருந்தது என்று எவரேனும் சொல்லியிருந்தால், எந்த முறையில் கடைசியில் போட்டார்கள் என்பதோடு அதை எழுதி வாங்கி, மருத்துவ ஏடுகளில் மேலே தெரியுமாறு வைத்து, அடுத்தமுறை ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குப் போனாலும் திருவனந்தபுரத்துக்குப் போனாலும் அந்தத் தாளை முதலில் காட்டவேண்டும்.